அப்பாவின் சாயக்கை

முப்பத்தாறு வயதில் என் இரண்டு கண்களின் வெள்ளையிலும் சாம்பல் நிறத் திட்டுகள் வந்தன. இளம்பிள்ளையில் யார் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "ஏனுங்க, கண்ணுல சாயம் தெறிச்சிருச்சா?" சாயப்பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் எந்தக் கறைக்கும் சாயம்தான் குற்றவாளி.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் தொட்டில் துணிகள் ஈரம் பட்ட இடத்திலெல்லாம் கறுத்துப் போகுமாம். அப்பா சேலை நூலுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை ஏதாவதொரு நிறம் ஒட்டியிருக்கும். அம்மாவுக்கு அவர் தாய்மாமன். "சாயக்கையோட புள்ளையத் தூக்காதீங்க மாமா" என்று அவள் ஒருநாள் கத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் என்னைத் தூக்கவே இல்லை.

நான் வளர்ந்த பிறகும் இரண்டடி தள்ளியேதான் நிற்பார். காரணம் அப்போது எனக்குத் தெரியாது; பெண்ணாகப் பிறந்ததால் என்னைப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். கல்யாணமான பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

சேலத்துக் கண் டாக்டரிடம் அம்மாதான் துணைக்கு வந்தாள். அவர் கண்ணைப் பார்த்தார், காது மடலைப் பார்த்தார், முதுகு வலிக்கிறதா என்று கேட்டார். இரண்டு வருடமாக வலிக்கிறது என்றேன்.

"கொழந்தையில துணியெல்லாம் கறுத்துப் போச்சுங்களா?"

"ஆமாங்க, சாயம்னு நெனச்சேனுங்க" என்றாள் அம்மா.

சோதனைகள் முடிந்ததும் டாக்டர் விளக்கினார். பிறவியிலேயே வரும் அபூர்வமான கோளாறு. உடம்பில் ஒரு அமிலம் உடையாமல் தங்கிவிடுகிறது. சிறுநீரில் வெளியேறுவது காற்றுப் பட்டுக் கறுக்கும். மீதி, வயது ஏற ஏறக் கண்ணிலும் மூட்டிலும் படியும். பார்வைக்குப் பயமில்லை, மூட்டைத்தான் கவனிக்க வேண்டும். "அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்ட இருந்தும் வந்திருக்குங்க" என்றார்.

வீட்டு வாசலில் அப்பாவைப் பார்த்ததும் அம்மா உடைந்துவிட்டாள். "மாமா, அது உங்க சாயமில்லீங்க. நம்ம ரெண்டு பேரு ரத்தத்துல இருந்து வந்ததாமா. நாந்தான் உங்களைப் புள்ளகிட்ட அண்டவுடாம பண்ணிட்டேன்."

அப்பா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ரோஸ் நிறம். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரொம்ப வலிக்குதா சாமி?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். அவர் என் பக்கம் ஓரடி வைத்து, நின்றுவிட்டார்.

"இரு சாமி, கையக் கழுவிட்டு வாரேன்" என்று குழாயைத் திறந்தார்.

நான் போய் அதை மூடினேன்.