நான் நகல் எடுக்காமல் விட்ட பக்கங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பெண்களுக்கான செஸ் தேர்வுப் போட்டி, கடைசிச் சுற்று. முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவர்கள் புதுச்சேரி அணியில் தேசியப் போட்டிக்குப் போவார்கள். மூன்று பேர் ஏற்கெனவே உறுதியாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு நானும், என் எதிரில் உட்காரப்போகும் பெண்ணும். முந்தைய சுற்றுகளின் கணக்குப்படி அவளுக்கு டிரா போதும். நான் ஜெயித்தே ஆகவேண்டும்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாத பிறவி நான். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "நீ கால ஆட்டுனா கட்டிலே காலாப்பட்டு வரைக்கும் போயிடும் போல" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். இப்படிப்பட்டவள் செஸ் ஆடுகிறாளே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான்.

ஆனால் அந்த நான்காவது இடம் எனக்கு விளையாட்டு இல்லை. எட்டாவது படிக்கும்போது பள்ளி செஸ் அணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டி வெளியூரில், மூன்று நாள். மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, "பொம்பளப் புள்ளைய எங்க அனுப்பறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வேன் கிளம்பிய காலையில் நான் முதலியார்பேட்டையில் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அதன்பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் செஸ் போர்டைத் தொடவில்லை.

மறுபடியும் தொட்டதற்கு ஒரு புத்தகம் காரணம். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். ஒரு மாணவர் நூலகத்திலிருந்து தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய உலக சாம்பியன்களின் ஆட்டங்கள். முன்பாதி முழுக்க நகர்த்தல்கள். பின்பாதியில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொடி எழுத்தில் விளக்கக் குறிப்புகள். அவருக்கு முழுவதும் எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆட்டம் கையில் இருக்கும்போது அதைப் பற்றிய பேச்சு எதற்கு? அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் பொறுமை இல்லை.

தினமும் பஸ்ஸில் போகவர அதுதான் வேலை. நகர்த்தல்களை மனப்பாடம் செய்வேன், ராத்திரி சமையலறையில் அடுக்கிப் பார்ப்பேன். முப்பத்தொன்றாம் ஆட்டம் எனக்கு உயிர். அந்த சாம்பியன் ஐம்பது நகர்த்தல்களில் எதிராளியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி ஜெயித்த ஆட்டம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கடைசிச் சுற்றில் என் எதிரில் வந்தவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்பவள். எல்லோரும் போனை அணைத்து நடுவரின் பெட்டியில் போட வேண்டும். அவள் போடும்போது, "இதுலதாங்க்கா கத்துக்கினேன். போட்டு வர்றவரைக்கும் கரையில வேற இன்னா வேலை" என்றாள். போட்டு என்றால் மீன்பிடிப் படகு. மேசைமேல் இருந்த என் நகல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்பர் நம்பராதான் இருக்குது. ஏன் அப்டி ஆடுனாங்கன்னு எழுதலியா?" என்று கேட்டாள். அதைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். சாம்பியன் ஆட்டத்தில் இவளுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரம்.

ஆட்டம் தொடங்கியது. ஆறாவது, ஏழாவது நகர்த்தலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தொன்றாம் ஆட்டம் அப்படியே வந்துகொண்டிருந்தது. அவள் போன் வீடியோவில் பார்த்த வழியில் ஆடுகிறாள், அது என் சாம்பியனின் எதிராளி போன அதே வழி. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. அவள் யோசிக்க யோசிக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் என் காயை நகர்த்தி, கடிகாரத்தைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவேன். மற்ற பலகைகளை எட்டிப் பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன், ஜன்னலில் நிற்பேன். ரயிலில் மேல் பெர்த் கிடைக்குமா என்பதுவரை மனம் போய்விட்டது. புதிதாக ஒரு டிராவல் பேக் வாங்கி அலமாரியின்மேல் வைத்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பதினேழாவது நகர்த்தல். சாம்பியன் யானையை நடு வரிசைக்குக் கொண்டுவருவார். வந்து உட்கார்ந்து, ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது, யானையை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

அடுத்து அவள் ஆடியது புத்தகத்தில் இல்லை. ராணியைக் கொண்டுவந்து என் ராணிக்கு எதிரே நிறுத்தினாள். ராணிகள் வெட்டுப்பட்டன, யானைகள் வெட்டுப்பட்டன. மனப்பாடம் முடிந்த இடத்தில் எனக்குப் பாதையும் முடிந்துவிட்டது. மூன்று மணி நேரம் முட்டி மோதினேன். கடைசியில் இரண்டு ராஜாக்களும் நகர வழியில்லாத நாலு சிப்பாய்களும்தான் மிச்சம். அவள் தயங்கித் தயங்கி, "டிரா வச்சிக்கலாமாக்கா?" என்று கேட்டாள். வேறு வழியில்லை. கை கொடுத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்து அதே ஆட்டத்தை மறுபடி அடுக்கிப் பார்ப்பது செஸ் ஆடுபவர்களின் வழக்கம். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பலகையோடு வந்து, "ஒரு நிமிஷம் உக்காருங்கக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். வராந்தாவில் பதினேழாவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையை அடுக்கினாள். என் குதிரையை எடுத்து, தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயின் மேல் போட்டாள்.

"இத ஆடியிருந்தா நான் காலி. குதிரைய வெட்டுனாலும் போச்சி, வெட்டலன்னாலும் போச்சி. நான் முந்தின மூவ் வச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நீங்க என் மூஞ்சியப் பாத்திருந்தாலே கண்டுபிடிச்சிருப்பீங்க. நீங்கதான் ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தீங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் ஆடுனது சாம்பியன் ஆடுன மூவ். அதுல ஜெயிச்சும் இருக்காரு" என்றேன்.

"அவரு ஆடுனது இருக்கட்டுங்க்கா. நீங்க பாத்தீங்களா?"

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, போட்டி நடத்தியவர்களிடம் என் எண்ணை வாங்கி அவளே போன் செய்தாள். அந்தப் புத்தகத்தின் நகல் ஒன்று வேண்டுமாம், தேசியப் போட்டிக்குப் போவதற்குள் பார்க்க வேண்டுமாம். இடத்தையும் பிடுங்கிக்கொண்டாள், புத்தகமும் வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன். மூன்று நாள் பாராமுகமாக இருந்தேன். ஆனால் அரைப் புத்தகத்தைக் கொடுத்தால், ஏன் என்று எழுதவில்லையா என்று மறுபடியும் கேட்பாளே. அந்த ரோஷத்தில்தான் கடைக்கு வரும் ஒரு மாணவியிடம் சொல்லி, நூலகத்துப் புத்தகத்தை எடுத்துவரச் செய்தேன். ஒருநாள் மத்தியானம், எனக்கென்று எடுக்காமல் விட்ட பின்பாதியை மெஷினில் வைத்தேன்.

முப்பத்தொன்றாம் ஆட்டத்தின் குறிப்பு வந்ததும் கை நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பதினேழாவது நகர்த்தலுக்குக் கீழே இரண்டே வரி. இங்கே குதிரையைப் பலி கொடுத்திருந்தால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும், ஆடிய இருவரின் கண்ணிலும் அது படவில்லை.

கவுண்டரில் யாரோ "அக்கா, ரெண்டு காப்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடம் பஸ்ஸில் நான் உருப்போட்டது சாம்பியனின் தவறை. அது தவறு என்று சொல்லும் பக்கம், அந்த மாணவருக்கு நகல் எடுத்தபோதே இந்தக் கையில் வந்துபோயிருக்கிறது. பேச்சு எதற்கு என்று தள்ளிவிட்டவள் நான். அவமானமாக இருந்தது. வேன் கிளம்பிய அந்தக் காலையும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு என்னை அனுப்பாதவர் அப்பா. இந்த முறை என்னை அனுப்பாதவள் நானேதான்.

அந்த ஞாயிறு, பைண்டிங் செய்த முழுப் புத்தகத்தோடு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். அவள் ஏலத்தின் நடுவில் இருந்தாள். முடித்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். நான் ஓரம் மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, "எனக்கு இங்கிலீஷ் வராது, நீங்களே படிச்சி சொல்லுங்கக்கா" என்றாள். சுற்றிலும் இருந்த இரைச்சலில் சத்தமாகப் படித்துச் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி என்பதையும் சொன்னேன். ஜெயித்த பெருமை அவள் முகத்தில் துளியும் வரவில்லை.

"அப்ப அவரும் பாக்கலியா?" என்று சிரித்தாள். பிறகு, "பாவம்" என்றாள்.

அவள் தேசியப் போட்டிக்குப் போய்வந்தாள். அதற்கு அடுத்த வருடங்களில் நானும் முயன்றேன், இன்னும் இடம் கிடைக்கவில்லை. டிராவல் பேக் அலமாரியின்மேலேயே இருக்கிறது, அதை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரித்தும் நான் கேட்கவில்லை. கால் இன்னும் ஆடுகிறது. ஆனால் யோசிக்காமலே அடுத்த நகர்த்தல் தெரிந்துவிடும் போதெல்லாம், பலகையில் ஆனாலும் வீட்டில் ஆனாலும், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன்.