வீட்டில் கூட்டம் கூடாது

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அதனால் குழுவின் பிள்ளைகள் அவளைக் கண்ணாடி அக்கா என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோரும், பெற்றோரைப் பார்த்துத் தெருக்காரர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள். வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் ஃப்ரேம் அழுத்துகிறதா என்று தடவிப் பார்க்கிற நேரத்துக்குள் அவர் வீட்டுக் கதை பாதியைக் கேட்டுவிடுவாள்.

கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். ஒரே மகன் வெளியூரில் படிக்கிறான். அவன் சின்னவனாக இருந்தபோது சேர்ந்த சிறுவர் குழுவை நடத்தியவருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. அடுத்த ஆள் கிடைக்கும்வரை ரெண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குழுவை இவள் தலையில் கட்டினார்கள். மகனுக்கு மீசை முளைத்த பிறகும் அந்த ரெண்டு வாரம் முடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் நூலகத்தின் கீழ்க்கூடத்தில் கூட்டம் நடக்கும். முடிச்சுப் போடுவது, முதலுதவி, வரைபடம் பார்ப்பது, நிறைய ஓட்டமும் கூச்சலும். சம்பளம் கிடையாது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வருவார், பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா.

எங்கே கூட்டம் போடலாம், எங்கே கூடாது என்று இத்தகைய குழுக்களுக்கெல்லாம் பொதுவான தலைமையகம் சில விதிகள் வைத்திருந்தது. பொது இடமாக இருக்க வேண்டும். வெளியேற ரெண்டு வழி வேண்டும். பெரியவர்கள் ரெண்டு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நடத்துகிறவர்களின் வீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் கூட்டம் கூடாது. இடம் கிடைக்காவிட்டால் கூட்டத்தையே விட்டுவிட வேண்டும். வருஷா வருஷம் நடக்கும் பயிற்சியில் இதைப் படிக்கும்போதெல்லாம் கண்ணாடி அக்கா பக்கத்தில் இருப்பவரின் காதைக் கடிப்பாள், வீடு என்ன பிள்ளைகளை விழுங்கியா விடும் என்று.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தின் மின்பெட்டியில் புகை வந்தது. மின்வாரிய ஆட்கள் இணைப்பைத் துண்டிக்க, நூலகர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி அக்கா போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். கொண்டுவந்து விட்டவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பஸ் மாமாவின் வண்டி எங்கோ நெரிசலில் மாட்டியிருந்தது, அரை மணியில் வந்துவிடுவதாகச் சொன்னார். முதல் தூறல் விழுந்ததும் அவள் யோசிக்கவில்லை. வீடு அடுத்த தெருவில், மூன்றாவது மாடி. வாத்துக் கூட்டத்தை ஓட்டுவதுபோல் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனாள். போகிற வழியிலேயே பெற்றோரின் ஃபோன் குழுவில் செய்தி போட்டாள். நூலகம் பூட்டியிருக்கிறது, இன்று கூட்டம் என் வீட்டில், மூன்றாவது மாடி, இடது கதவு என்று முகவரியோடு. எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

குழுவில் அணில் என்று ஒரு சிறுமி இருந்தாள். பிஸ்கட்டை ரெண்டு கையாலும் பிடித்துக் கொறிப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். அவளுடைய அம்மா மருந்துக் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். அவள் ஒருநாள் கண்ணாடிக் கடைக்கே வந்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். கணவனை விட்டுப் பிரிந்துவிட்டாள். குழந்தை பக்கமே அவன் வரக்கூடாதென்று கோர்ட்டில் உத்தரவு. ஒரு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முயன்றிருக்கிறான். அவனுடைய போட்டோவையும் காட்டினாள். கண்ணாடி அக்கா அந்தப் போட்டோவை நூலகருக்கும் காட்டி வைத்தாள். நூலகர் சந்தேகப் பிராணி. முன்மேஜையைத் தாண்டி ஓர் ஈ போனாலும் எங்கே போகிறாய் என்று கேட்பார்.

வீட்டில் பாயை விரித்து, துண்டுகளையும் பழைய புடவையையும் கிழித்துக் கட்டுப்போடும் பயிற்சி தொடங்கியது. உள்ளறையில் ஒரு கூட்டம், முன்னறையில் ஒரு கூட்டம். வெளியே மழை கொட்டியது. மணி அடித்தது. பஸ் மாமாதான் என்று அவள் கதவை அகலத் திறந்தாள்.

நனைந்த குடையோடு ஓர் ஆள் நின்றான். முழுக்கைச் சட்டை, வாரிய தலை. போட்டோவில் பார்த்த முகம்.

"மன்னிச்சுக்குங்க, நேரம் காலம் இல்லாம வந்துட்டேன். பாப்பாவ அனுப்புங்க. அவங்க அம்மாதான் கூட்டிட்டு வரச் சொன்னா."

இவனுக்கு முகவரி எப்படித் தெரியும் என்று மட்டும் அவள் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. வாய் தானாகப் பொய் சொன்னது.

"அவ இன்னைக்கு வரலைங்க."

உள்ளறையிலிருந்து யாரோ, அணிலே, உன் முறை, வா என்று கத்தினார்கள். அந்தப் பெயர் அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் கண்ணைத் தாழ்த்தி வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஊதா நிறச் செருப்பு ஒன்றில் பார்வை நின்றது.

"அது நான் வாங்கிக் குடுத்ததுங்க," என்றான். குரலில் கோபமே இல்லை.

அவள் கதவைத் தள்ளினாள். இடுக்கில் குடைக்கம்பி நுழைந்தது. அதைக் காலால் உதைத்து வெளியே தள்ளி, முழு உடம்பையும் கொடுத்துக் கதவை அடைத்து, மேலும் கீழும் தாழ் போட்டாள். அவன் கதவை இடிக்கவில்லை, கத்தவும் இல்லை. விரல் முட்டியால் மெல்லத் தட்டினான்.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சா கதவத் தொறந்துதானே ஆகணும்."

உள்ளே திரும்பினாள். அணில் பாயில் இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பக்கவாட்டில் நுழைந்து நின்றிருந்தாள். ஒரு கையில் பாதி சுற்றிய கட்டு தொங்கியது. அழவில்லை. கண் மட்டும் கதவில் இருந்தது.

கண்ணாடி அக்கா சமையலறைக்குப் போய்ப் போலீஸுக்குப் பேசினாள். முகவரி கேட்டார்கள், வண்டி அனுப்புகிறோம், மழை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். அணிலின் அம்மாவைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனியில் ஃபோனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். இரும்புக் கம்பி, கீழே மூன்று மாடி ஆழத்தில் சிமெண்ட் தரை. இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டுக்கு ஒரே ஒரு கதவுதான் என்பது அன்றுதான் அவள் புத்தியில் ஏறியது.

பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் வரவேண்டாம், படியில் ஓர் ஆள் இருக்கிறான் என்று ஃபோன் குழுவில் தட்டத் தொடங்கினாள். பாதியில் ஏதோ தோன்றி, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். மலைக்காட்சியைப் படமாக வைத்திருந்த ஓர் எண். அணிலின் அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இருந்த காலத்தில் சேர்த்தது. ஒரு வார்த்தைகூட எழுதாமல் இத்தனை நாள் உள்ளேயே இருந்திருக்கிறது. அவனுக்கு வழி சொன்னது அவளேதான், மாடி எண்ணோடு, இடது கதவு என்பதோடு. ஃபோன் கையிலிருந்து நழுவி அடுப்பு மேடையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே அவள் துள்ளிப்போனாள்.

பிறகு பஸ் மாமாவைக் கூப்பிட்டாள். சொல்ல வந்தது கோவையாக வரவில்லை. எப்படியோ அவர் புரிந்துகொண்டார்.

"கதவத் தொறக்காதம்மா. நானே வந்து கூப்பிட்டாலும் தொறக்காத. போலீஸ் வந்து பேசட்டும், அப்புறம் பாக்கலாம்."

பிள்ளைகளிடம் கதவின் தாழ் சிக்கிக்கொண்டது என்றாள். சிலர் நம்பினார்கள். சின்னப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போகணும் என்று சிணுங்கத் தொடங்க, அது காய்ச்சல்போல் மற்றவர்களுக்கும் பரவியது. அவள் தன் காலையே நீட்டி, எலும்பு முறிந்துவிட்டது, எல்லோரும் சேர்ந்து கட்டுப்போடுங்கள் என்றாள். துணியைச் சுற்றியபோது அவள் கால் நடுங்கியது. அக்கா நல்லா நடிக்கிறாங்க என்று ஒருத்தி சிரித்தாள். கதவில் இடைவிட்டு இடைவிட்டு அதே மெல்லிய தட்டல் கேட்டது.

முதலில் வந்தது ஒரு தாய். கண்ணாடி அக்கா கதவில் காதை வைத்துக் கேட்டாள். கூட்டம் இன்னும் முடியவில்லையாம், உட்காருங்கள் என்று அவன் மரியாதையாகச் சொல்வது கேட்டது. அந்தத் தாய் மணியடித்து, அக்கா, நான்தான் என்றாள். கொஞ்சம் இருங்கள் என்றாள் இவள். உண்மையைக் கத்திச் சொல்லலாம். சொன்னால் அவன் சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறானோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை என்ன செய்வானோ? இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு நடுவே அவனும் ஒரு பொறுப்பான தகப்பனைப்போல மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தாள். பஸ் மாமா காக்கிச் சீருடையிலேயே, தலை சொட்டச் சொட்ட ஏறி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். காலை நீட்டிப் படியை அடைத்துக்கொண்டு, என்ன சார் மழை, வண்டி ஓட்டவே முடியல என்று பேச்சுக் கொடுத்தார். பயத்தை மறைக்கக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாராம். போலீஸ் வந்தபோது அவன் எழுந்து, சட்டையை நீவிவிட்டு, எதிர்ப்பே காட்டாமல் இறங்கிப் போனான். தெருவில் நின்ற அவன் காரின் பின்சீட்டில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத சிறுமியின் உடுப்புகள், ஒரு பல் பிரஷ், தலைமுடி வெட்டும் கத்தரிக்கோல்.

குழந்தையின் அடையாளத்தை மாற்ற வைத்திருந்த அந்தக் கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்டபோதுதான் கண்ணாடி அக்கா வாந்தியெடுத்தாள்.

அணிலின் அம்மா வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பீரோச் சந்திலிருந்து மகளை வெளியே எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கண்ணாடி அக்கா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அந்தத் தாய் திட்டியிருந்தால் தேவலை. அவள் ஊதாச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, அதை அங்கேயே போட்டுவிட்டு, குழந்தையை வெறுங்காலோடு தூக்கிக்கொண்டு இறங்கினாள். அடுத்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

தலைமையகத்துக்குக் கண்ணாடி அக்காவே ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். விசாரிக்க ஓர் அம்மாள் வந்தார். பெற்றோரில் பலர் அவளுக்காகப் பரிந்து பேசினார்கள். கதவைத் திறக்காமல் குழந்தையைக் காப்பாற்றியவள் இவள்தானே என்றார்கள். அந்தப் பேச்சுத்தான் அவளை அதிகம் சுட்டது.

"காப்பாத்தலைங்க," என்றாள். "நான்தான் கூட்டிட்டுப் போயி ஒரே கதவுக்குள்ள வச்சேன். அவனுக்கு வழியும் சொன்னேன்."

ஒரு வருஷம் குழுவை நடத்தக் கூடாது என்று முடிவானது. அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பஸ் மாமாவும் இன்னொரு தாயும் நூலகத்தில் குழுவை நடத்தினார்கள். ஃபோன் குழுவைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுப் புதிதாகச் சேர்த்தார்கள்.

அந்த வருஷம் அவளுக்குச் சுலபமாகப் போகவில்லை. கடையில் யாராவது மெல்லிய குரலில் மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பித்தால் கையிலிருந்த குட்டித் திருகாணி தரையில் உருளும். வீட்டு வாசலில் செருப்பு கிடக்கவே விடமாட்டாள், எல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். கணவர் தொலைதூர ஓட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே ஓட்டுகிறேன் என்றார். எத்தனை நாள் என்னைக் காவல் காப்பீர்கள் என்று மறுத்துவிட்டாள். ஆனால் அவர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் லாரிச் சத்தம் மறையும்வரை கதவுக்குப் பின்னால் நின்றாள். பயம் போய்விட்டதா என்று பஸ் மாமா ஒருநாள் கேட்டார். போகவில்லை, ஆனால் அதோடு பழகிவிட்டேன் என்றாள்.

வருஷம் கழிந்ததும் குழுவுக்குத் திரும்பினாள். பேச்சு குறைந்திருந்தது. பயிற்சியில் யாராவது அந்த விதியைக் கேட்டுச் சிரித்தால் அவள் சிரிப்பதில்லை, கதை சொல்வதும் இல்லை. எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவாள்.

பிறகு ஒரு மதியம், கடையில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுக்கவே பயந்தாள். எடுத்தால், அணிலின் அம்மா. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். மகள் அந்த ஊரில் ஒரு குழுவில் சேர வேண்டும் என்கிறாளாம். இத்தனை நாளில் அவளாக வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அதுதானாம்.

"எனக்குக் கேக்கத் தெரியலைங்க. எத கேக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க பேசிச் சொன்னா அனுப்புறேன், இல்லைன்னா வேணாம்."

கண்ணாடி அக்கா அந்த ஊர்க் குழுவை நடத்துகிறவருக்கு ஃபோன் செய்தாள். இளைஞர், அவசரத்தில் இருந்தார். எங்கே கூடுகிறீர்கள், வாசலில் யார் இருப்பார்கள், உங்கள் ஃபோன் குழுவில் இருக்கிற எல்லோரையும் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். பழைய சந்தைக் கட்டடத்தின் மாடியில் கூடுகிறோம், இப்போதுகூட அதன் கீழேதான் நிற்கிறேன், எல்லாம் பத்திரம்தான் என்றார் அவர், சற்றுச் சலிப்போடு. பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறதாம்.

"அது தொறக்குமா?" என்று கேட்டாள்.

"இருங்கக்கா," என்றார் அவர். "போயி தொறந்து பாத்துட்டு வரேன்."

அவர் படியேறும் சத்தம் கேட்டது. அவள் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.