கடல்நாய்களின் கரையில் தம்பியோடு சில நாட்கள்

இத்தாலியின் பலெர்மோவில் எனக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைத்தது 1996இல். அந்த ஓகஸ்டிலேயே வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி சேந்தனைப் பார்க்கப் புறப்பட்டேன். அவனைக் கண்டு ஒன்பது வருடம். நகரை அடுத்த மொண்டெல்லோக் கடற்கரையில் நான் சமையல் வேலை செய்த வீட்டு எஜமானி, சிஞ்ஞோரா, விருந்தாளிகள் நிறைந்த மாதத்திலும் பத்து நாள் லீவு தந்தார். அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

பலெர்மோவின் மத்திய நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் காலை எட்டுக்கு ரயில். மெஸ்ஸினாவில் கடலைக் கடக்க ரயிலையே கப்பலில் ஏற்றுவார்கள், பயப்பட வேண்டாம். ரோமுக்குப் பன்னிரண்டு மணிநேரம். மறுநாள் விமானத்தில் ஒஸ்லோ, பிறகு த்ரொம்சோ, அங்கிருந்து நான்கு மணிநேர பஸ். விமானச் சீட்டு இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கியது.

பஸ்ஸடியில் நின்றவனுக்கு முன்தலை வழுக்கை.

"வந்திட்டியே, அக்கா?"

"ஓம், வந்திட்டன்."

அதற்கு மேல் கதை வரவில்லை. இரண்டு நாளும் சாப்பாட்டையும் குளிரையும் பற்றியே பேசினோம்.

மூன்றாம் நாள் அயலவர் ஆர்னே, வலை இழுக்கத் தன் படகில் எங்களைக் கூட்டிப்போனார். கரையிலிருந்து இருபது நிமிடம். பாறைகளைச் சுற்றிச் சீல் எனப்படும் கடல்நாய்கள். சின்ன மீன்களைத் தண்ணீருக்குள்ளேயே விழுங்கிவிடுமாம். கலங்கிய நீரிலும் மீசைமயிரால் மீனின் அசைவை அறியுமாம். ஆர்னே சொல்லச் சொல்லத் தம்பி தமிழில் சொன்னான். பெரிய மீனைத்தான் மேலே கொண்டுவரும். ஒன்று கொட் மீனைக் கிழித்துத் தின்றதை நானே கண்டேன்.

வலையில் வந்த மீன்கள் பலவற்றுக்கு வயிறே இல்லை.

"ஈரலெண்டால் கடல்நாய்க்கு நல்ல விருப்பம். மிச்சத்தை எங்களுக்கு விட்டிடும்," என்றான் தம்பி.

அடுத்த இழுப்பில் வலை கனத்தது. அந்த வருடம் பிறந்த கடல்நாய்க்குட்டியொன்று, கழுத்தில் நூல் இறுகித் தவித்தது. ஆர்னே கத்தியை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் வலையை அறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆள் நீளத்துக்குப் புதுவலை போயிற்று. குட்டி ஒரு தடவை தும்மிவிட்டு மூழ்கி நீந்திப்போயிற்று.

"ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு கேளடா."

தம்பி கேட்டான். "அது பசிச்சு வந்ததாம், அக்கா. தானும் அதுக்குத்தானாம் கடலுக்கு வாறவர்."

மிச்ச நாட்களில் ஆர்னேயின் கொட்டிலில் மூவரும் அறுந்த வலையைப் பொத்தினோம். கை வேலையில் இருக்க, வாய் தானாகத் திறந்தது. அம்மா இறந்த செய்தி வந்த அன்று, கதைக்க ஒருவருமில்லாமல் தொழிற்சாலைக்குப் போய் மீன் வெட்டியதைத் தம்பி அப்போதுதான் சொன்னான். ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். ஆர்னே கோப்பி ஊற்றித் தந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: விசா விதிகள் இப்போது மாறிவிட்டன, முன்கூட்டியே விசாரியுங்கள். ஓகஸ்டிலும் தடித்த உடுப்பு வேண்டும். கடல்நாய்களுக்கு மீன் எறியாதீர்கள். சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறீர்களென்றால், சேர்ந்து செய்ய ஏதாவது வேலை தேடிக்கொள்ளுங்கள். நான் ஊர் சுற்றியது அரை நாள்தான். தம்பியை முழுதாகக் கண்டேன். நோர்வே மொழியில் நன்றிக்கு 'தக்' என்பார்கள். ஆர்னேயிடம் அதை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது, போதவில்லை.