வராத ஏலக்காய் மூட்டை

போடியில் ஒச்சம்மாள் யாரையும் எளிதில் நம்பமாட்டாள். பால்காரன் ஊற்றிய பாலை நாக்கில் தொட்டுப் பார்த்த பிறகுதான் சொம்பை உள்ளே கொண்டுபோவாள். ஏலக்காய் பொறுக்குவது அவள் பிழைப்பு. வியாபாரியின் கிட்டங்கியிலிருந்து வண்டிக்காரன் திருப்பதி காலையில் மூட்டையை வீட்டில் இறக்குவான். வெடித்த காயையும் வெளுத்த காயையும் அவள் தனியே பிரித்துக் கொடுக்கவேண்டும்.

எண்பத்திரண்டாம் வருசம் பங்குனியில், மகள் பொன்னுமணிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிய நேரத்தில், மூட்டை வருவது நின்றுபோனது.

"சரக்கு இல்லக்கா" என்றான் திருப்பதி. வண்டியிலோ மூட்டைகள் இருந்தன. என் சோலியை எவளுக்கோ தூக்கிக் கொடுக்கிறான் என்று கறுவிக்கொண்டு, நான்காம் நாள் வண்டிக்குப் பின்னாலேயே போனாள்.

வண்டி அவன் வீட்டு வாசலில்தான் நின்றது. உள்ளே நான்கு மூட்டைகள் பிரிந்து கிடந்தன. அவன் பெண்டாட்டி மூங்கில் சொளகில் காயைப் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங் கூலியத் திங்கவாய்யா பாத்த?"

"கூலி ஒங்க பேருக்குத்தான் வரும்க்கா. இந்த மூட்டை போற நாலு வீட்டுலயும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக. மூட்டை வந்தா அதுகளையும் பொறுக்க ஒக்கார வச்சிருவீக."

"எம் மகள நான் சொளகத் தொடவே விட்டதில்ல!"

சொல்லிவிட்டு, பொறுக்கி வைத்த காயைச் சந்தேகத்தோடு அள்ளிப் பார்த்தாள். நல்ல காயோடு வெடித்த காயும் கலந்து கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதெல்லாம் ஒரு பொறுக்கா? எம் மக இதுல பாதி நேரத்துல சுத்தமாப் பொறுக்கிருவா!"

திருப்பதியின் பெண்டாட்டி இன்னொரு சொளகை எடுத்து ஒச்சம்மாள் பக்கம் தள்ளினாள்.