ஒரு எலுமிச்சம்பழ அளவு அசாம்

ஈஜோக்கில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அசாம் கெலுகோர் மரம் நிற்கிறது. அசாம் என்றால் மலாயில் புளிப்பு. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுடைய மரம். எங்களைவிட மூத்தவர், அதனால் மக்சிக் என்று கூப்பிடுவோம். மரம் அவருடையது என்றாலும் கிளைகளில் பாதி எங்கள் பக்கம்தான். காட்டு மரம். செம்பனை நடுவதற்குக் காட்டை அழித்தபோது இது ஒன்றை மட்டும் யாரோ விட்டுவைத்தார்கள் என்று மக்சிக் சொல்வார். பழம் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம், சுற்றிலும் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, கைக்குள் அடங்கும் பூசணிக்காய் போலிருக்கும். பார்க்க அழகு. கடித்தால் பல் கூசும், காதடி வரை இழுக்கும். குடிவந்த புதிதில் ஒருமுறை கடித்ததோடு சரி. அதன்பிறகு எனக்கு அது குப்பை. வேலைக்குக் கிளம்புமுன் கார் நிற்கும் இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் போவேன். ராவாங்கில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற எனக்கு, நசுங்கிய பழம் டயரில் ஒட்டுவது பிடிக்காது.

போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பியபோது நாக்கில் ருசி போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்குமேல் போகாது.

"மண்ணத் தின்ன மாதிரி இருக்குங்க. இதுல உப்பு இருக்கா, இல்லையா? அதுகூடத் தெரியல."

ருசி தானாகத் திரும்பும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார்: அடுத்த முறை வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் மறுபடி வார்டில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் இறங்கும்போது என் மனைவி, "எனக்கு அந்தக் குழா வேணாங்க" என்றாள்.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து அவளுடைய அக்கா பஸ் ஏறி வந்தார். வரும்போதெல்லாம் கையில் ஒரு பழம் இருக்கும். ஒருநாள் டுரியான் பிளண்டா, அதாவது முள்சீத்தா. இன்னொரு நாள் மங்குஸ்தான். எல்லாவற்றையும் அடித்துச் சாறாக்கி நீட்டுவார்.

"ரத்தம் ஊறும்டி, குடி."

"தண்ணிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலக்கா."

"அந்தப் பழம் என்னா விலை தெரியுமா! தண்ணியாம்லா!" என்று சொல்லி மீதியை அவரே குடித்துவிடுவார்.

ஒரு காலையில் நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது மக்சிக் வேலியோரம் வந்தார். அவர் பேசுவது மலாயில்தான்.

"எத்தனை வருஷமாக என் மரத்துப் பழத்தை இப்படி வீசுவாய்?" என்றார் சிரித்துக்கொண்டே. அவர்கள் வீட்டில் இந்தப் பழத்தை மெல்லிசாகச் சீவி வெயிலில் காயவைப்பார்கள். கறுத்துச் சுருண்டதும் அதன் பெயர் அசாம் கெப்பிங். மீன் குழம்புக்கு அதுதான் புளி. போட்டால் மீனின் கவிச்சி போய்விடும், குழம்பு மறுநாள்வரை கெடாது. கொழுந்து இலையைப் பச்சையாகவே சோற்றோடு தின்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இலையை அவித்த தண்ணீர் கொடுப்பார்கள். வயிற்றுக்கு நல்லது, நாவில் எச்சில் ஊறும் என்று சொல்லி, காய்ந்த அசாம் ஒரு பை நிறையக் கொடுத்தார். நான் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்தேன். இதே பழத்தின் சாற்றை உடம்பு இளைப்பதற்கென்று பாட்டிலில் விற்பதைக் கடையில் பார்த்திருக்கிறேன். இளைப்பது எங்களுக்கு வேண்டாத காரியம்.

அந்த வாரக் கடைசியில் ஜெராம் போய்ப் படகிலிருந்து இறங்கிய கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, வாங்கி வந்தேன். அவளுக்கு மிகவும் பிடித்த மீன். வாழ்க்கையில் முதன்முறையாக நானே குழம்பு வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். மீனைக் கழுவி, வெங்காயம் அரிந்து, தூள் கலந்து எல்லாம் வரிசையாக எடுத்துவைத்த பிறகுதான் தெரிந்தது, புளி ஜாடி காலி. வெளியே அடைமழை. அலமாரியில் இருந்த மக்சிக்கின் பை நினைவுக்கு வந்தது. கூடத்தில் படுத்திருந்தவளிடம் கேட்டேன்.

"மீன் குழம்புக்கு எவ்வளவு புளி?"

"ஒரு எலுமிச்சம்பழ அளவு."

எனக்கு அளவு என்றால் அளவுதான். காய்ந்த அசாமைக் கைநிறைய எடுத்து உருட்டி அழுத்தி, எலுமிச்சம்பழ அளவு வரும்வரை மேலும் மேலும் சேர்த்தேன். தோல் துண்டு மாதிரி விறைப்பாக இருந்தது, உருண்டு நிற்கவில்லை. சுடுதண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்தேன். கரையவில்லை. புளியாக இருந்தால் இந்நேரம் கெட்டியாக இறங்கியிருக்கும். தண்ணீரை நக்கிப் பார்த்தேன், புளிப்பு கொஞ்சம்தான் தெரிந்தது.

அன்று வந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, துணி கசக்கிறீங்களா?"

"புளி கரைக்கிறேன்."

"நல்லாத்தான் கரையுது! சட்டியிலேயே போட்டுக் கொதிக்க விடுங்க, தானா எறங்கும்." அவருக்கும் புளியைத்தான் தெரியும், அசாமைத் தெரியாது.

இருந்த அத்தனை துண்டையும், ஊறின தண்ணீரையும் சேர்த்துக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டேன். மீன் வெந்தது. வாசனை நன்றாகத்தான் வந்தது. சோற்றில் ஊற்றிப் பிசைந்து, மீனில் முள் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். முகம் முழுவதும் சுருங்கியது. ஒரு கண் மூடிக்கொண்டது. தட்டைத் தள்ளினாள்.

"ஐயோ, என்னாங்க இது! புளிக்குது! இப்படியா புளிய அள்ளிக் கொட்டுவாங்க!"

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "என்னா சொன்ன?"

"புளிக்குதுக்கா. பல்லெல்லாம் கூசுது. நீங்களே பாருங்க."

"அடியே, புளிக்குதா ஒனக்கு?"

அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை இழுத்து விரலால் தொட்டு மறுபடி நக்கினாள், மறுபடி முகம் சுருங்கியது. நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். மனிதர் உண்ணும் குழம்பே அல்ல அது. அக்கா ஒரு பக்கம் சிரிக்க, ஒரு பக்கம் அழ, நான் கரண்டியோடு நடுவில் நின்றேன்.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். வீடு திரும்பியதிலிருந்து அவள் அடுப்படிக்கு வருவது அன்றுதான். சட்டியில் கிடந்த துண்டுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கச் சொன்னாள், தேங்காய்ப்பால் ஊற்றச் சொன்னாள், கொதிக்குமுன் இறக்கச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ருசி பார்த்து, "இன்னும் கொஞ்சம் பால் ஊத்துங்க. உப்பு போதும்" என்றாள். உப்பு போதும் என்று அவளால் சொல்ல முடிந்ததை நான் கவனித்தேன். ஒரு மீன் முழுக்கச் சாப்பிட்டாள். இரண்டாவது மீனையும் கேட்டாள்.

பழம்தான் ருசியைத் திருப்பிக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்வாரம் ஒரு மருந்தை நிறுத்தியிருந்தார்கள். ருசி திரும்பும் நேரமும் அதுவாக இருக்கலாம். ஆனால் திரும்பி வந்ததை எங்களுக்குத் தெரிவித்தது அந்தப் பழம். அளவாக இரண்டே துண்டு போட்டிருந்தால் அன்றும் அவள் மண்ணென்றே தட்டை ஒதுக்கியிருக்கக்கூடும்.

அடுத்த முறை போனபோது டாக்டர் எடைக் கருவியைப் பார்த்துவிட்டு, "என்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"இவரு வச்ச கொழம்ப சரிபண்ணிச் சரிபண்ணியே சாப்பிட்டேன், டாக்டர்."

குழாய் பற்றி யாரும் பேசவில்லை. வரும் வழியில் ஜெராமுக்குத் திருப்பி மீன் வாங்கினோம். அன்று வைத்த குழம்பில் முதல் கிண்ணம் வேலியைத் தாண்டி மக்சிக்குக்குப் போனது. நடந்ததை நான் சொன்னதும் அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு சட்டிக்கு இரண்டு துண்டு போதுமாம்.

இப்போது விழுகிற பழத்தை நானே பொறுக்கிக் கழுவி, ஒரே கனத்தில் சீவி, வெயிலில் பரப்புகிறேன். மக்சிக்குக்கு ஒரு பை, அக்காவுக்கு ஒரு பை. நேற்று மீன் குழம்பு. நான் தூளை அளந்துகொண்டிருந்தபோது என் மனைவி அசாம் ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னாங்க, எலுமிச்சம்பழ அளவு போடட்டுமா?"