கிளட்ச்சுக்கு ஒரு மூக்கு

அம்மா கார் ஓட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது ஒரு பௌர்ணமி நாளில். அன்றைக்கு ஊருக்குள் பஸ்ஸை விடமாட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த அம்மாவை ஊருக்கு வெளியே எங்கேயோ இறக்கிவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து வந்து சேர்ந்தாள். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் செருப்பின் வார் அறுந்திருந்தது. வாசலில் எங்கள் கார் உறையைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீயே இத ஓட்டிட்டுப் போயேம்மா" என்றேன். எனக்கு அப்போது பத்து வயது. எல்லாவற்றுக்கும் உடனே வழி சொல்லிவிடுகிற வயது. அது இன்னும் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. கால் கழுவிக்கொண்டே காரைப் பார்த்தாள். அதிலிருந்து ஆரம்பித்தது.

அப்பா அந்தக் காரைப் பழையதாக வாங்கி, புதியதைப் போல வைத்திருந்தார். ஆபீசுக்கு பைக்கில்தான் போவார். கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கத்துக்க, யாரு வேணான்னா? ஆனா கிளட்ச் பிளேட் போச்சுன்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் சாவியக் கேக்கக் கூடாது."

முதல் பாடம் அப்பாவே எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அம்மாவை ஸ்டியரிங்கின் முன் உட்காரவைத்து, முதல் கியரைப் போடச் சொன்னார். "இப்ப கிளட்ச்ச விடு. மெதுவா விடு… விடு… அட, விடுன்றேன்ல!" கடைசி "விடு" பெரிய சத்தமாக வந்ததில், அம்மா ஸ்டியரிங்கையும் சேர்த்து விட்டுவிட்டாள். இரண்டு கைகளும் மேலே. கார் தவளையைப் போல ஒரு தாவு தாவி, ஒரு வேப்பங்கன்றை முறித்துவிட்டு அணைந்தது. "விடுன்னா எல்லாத்தையும் விட்றதா?" என்று அப்பா கேட்டார். "எத விடணும்னு சொல்லணும்ல?" என்று அம்மா கேட்டாள். அத்தோடு அந்த வகுப்பு முடிந்தது.

அடுத்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெளியூர்க்காரர்களுக்கு டாக்சி ஓட்டுகிறவர். காலையில் சாலை காலியாக இருக்கும்போதே அப்பாவிடம் சாவி வாங்கி, எங்கள் காரிலேயே எங்களை அடி அண்ணாமலை பக்கம் கூட்டிப் போவார். "விடு" என்ற சொல்லையே அவர் தடை செய்தார். "மிதி, மாத்து, எடு. அவ்ளோதான்க்கா. எடுத்த கால தரையில வச்சிடணும். கிளட்ச் மேல கால வச்சிக்கினே ஓட்டுனா பிளேட் ராத்திரி பகலா தேஞ்சிக்கினே இருக்கும். மேட்டுல நின்னா ஹேண்ட் பிரேக்கு. பாதி கிளட்ச்ல தொங்கவே கூடாது."

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. கிளட்ச் எரிய ஆரம்பித்தால் முதலில் வாசனை வரும். மாமாவுக்கு எந்நேரமும் ஜலதோஷம். அம்மாவுக்கோ பயத்தில் மூச்சே சரியாக வராது. ஆக, பின் சீட்டில் உட்கார்ந்து மோப்பம் பிடிக்கும் பொறுப்பு என் மூக்குக்கு வந்தது. "எப்படி இருக்கும் மாமா?" என்றதற்கு, "பழைய ரப்பர் செருப்பையும் பேப்பரையும் ஒண்ணாப் போட்டுக் கொளுத்துனா எப்படி நாறும், அப்படி" என்றார்.

நான் கடமையில் குறை வைக்கவில்லை. லிங்கக் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றினார்கள், "வாசனை!" என்று கத்தினேன். யாரோ நிலத்தில் சருகைக் கொளுத்தினார்கள், "வாசனை!" டீக்கடையில் போண்டா தீய்ந்துபோனது, அதற்கும் "வாசனை!" ஒவ்வொரு கத்தலுக்கும் அம்மா பதறி நிறுத்துவாள், மாமா முகர்ந்து பார்ப்பதாகப் பாவனை செய்வார், மறுபடி கிளப்புவாள். "ஏண்டி, உன் மூக்கு மூக்கா, இல்ல ஃபயர் சர்வீஸா?" என்பார். ஆனால் அப்படி நிறுத்தி நிறுத்திக் கிளப்பியதில்தான் அம்மாவின் இடது காலுக்கு விஷயம் பிடிபட்டது. வண்டி லேசாக நடுங்கும் இடம் வந்ததும் ஒரு கணம் நிற்பாள், பிறகு முழுதாகக் காலை எடுப்பாள். கார் வெண்ணெயில் வழுக்கினாற்போலப் போகும்.

ஆனாலும் அம்மா தனியாக ஓட்ட அப்பா சாவியைத் தரவில்லை. "அந்தக் காலி ரோட்ல யாரு வேணா ஓட்டலாம்" என்றார்.

அடுத்த பௌர்ணமியன்று, அம்மாவோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரின் வீட்டு வளைகாப்புக்குக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டு மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார். சாயங்காலம். ஊருக்குள் நுழையும் ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் எறும்பு வரிசையாக நின்றன. ஒரு அடி நகரும், நிற்கும், இன்னொரு அடி நகரும். அப்பா பிரேக்கைத் தொடவே இல்லை. கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, காரை ஏற்றத்தில் தொங்கவிட்டபடியே நிறுத்தி வைத்திருந்தார். அது ஒரு பெரிய வித்தை என்பது அவர் எண்ணம்.

அப்போதுதான் அது வந்தது. ரப்பர் செருப்பும் பேப்பரும், சந்தேகமே இல்லாமல்.

"அப்பா, வாசனை!"

"முன்னாடி லாரி நிக்குதுல்ல, அதான்."

"இல்லப்பா, நம்ம வண்டிதான். உங்க இடது காலு—"

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் பேசும் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை. என் வாய் மூடிக்கொண்டது. என் வாழ்நாளில் நான் சரியாகச் சொன்ன முதல் வாசனை அது. அதற்கு எனக்குக் கிடைத்தது அந்தப் பார்வை.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அலறியது, கார் அசையவில்லை. கீழேயிருந்து புகை எழுந்தது. பைக்கில் ஒதுங்கிப் போன ஒருவர், "அண்ணே, அன்னதானமா? என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பின்னால் ஹாரன்கள். அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"எல்லாம் நீ கத்துக்கிறேன்னு தேச்ச தேய்ப்பு. பிளேட் முன்னாடியே போயிருக்கு" என்றார்.

"இருக்கும்ங்க" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை முட்டியது. சாவி போயிற்று. பாலத்து ஏற்றத்திலிருந்து என்னை யாரோ கீழே உருட்டிவிட்டது போல இருந்தது.

அம்மா மட்டும் பதறவில்லை. "கொஞ்சம் ஆறட்டும். நீங்க எறங்கி, பின்னாடி நிக்கிறவங்கள ஒதுங்கச் சொல்லுங்க. உங்க பேச்சுக்குத்தான் கேப்பாங்க. நான் ஸ்டியரிங்ல சும்மா ஒக்காந்திருக்கேன்."

அப்பா இறங்கினார். கையை ஆட்டி, அதட்டி, பாலத்தையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அம்மா ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்தாள். முன்னால் வண்டிகள் நகர்ந்தன, அவள் நகரவில்லை. இடைவெளி நீளட்டும் என்று காத்திருந்தாள். பின்னால் கத்தினார்கள், அதற்கும் காத்திருந்தாள். வழி நன்றாகத் திறந்ததும் எஞ்சினைக் கிளப்பி, அந்த நடுக்கம் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, காலை எடுத்தாள். கார் முனகிக்கொண்டே, ஆனால் ஒரே மூச்சில், பாலத்தின் உச்சிக்கு ஏறியது. அப்பா வியர்த்து நடந்து வந்து சேரும்வரை ஓரமாக நின்றோம். அவர் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்கு போன் போட்டு, "உங்க அக்கா பழகினதுல பிளேட் காலி" என்று அப்பா உரக்கச் சொன்னார். அம்மா அடுப்படியில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். நான் குதித்தேன். "ஏம்மா நீ சொல்லல? அப்பாதானே எரிச்சாரு!"

"வண்டி ஏறிடுச்சில்ல?" என்றாள். அவ்வளவுதான்.

புது பிளேட் போட்டு வந்த அன்று, அப்பாவே சாவியை அம்மாவிடம் நீட்டி, "பாத்து ஓட்டு" என்றார். நிபந்தனையைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா அன்றிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குக் காரில்தான் போய் வருகிறாள். எனக்கு மட்டும் மாதக்கணக்கில் ஆறவில்லை. ஜெயித்தவள் ஏன் தோற்றவளைப் போலத் தலையாட்ட வேண்டும்? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! அம்மாவுக்கு வேண்டியிருந்தது நியாயமா, ரோடா என்று கேட்கத் தெரியாத வயது. கேட்டிருந்தாலும் இரண்டையும் ஏன் சேர்த்து வாங்கக் கூடாது என்றுதான் சண்டை போட்டிருப்பேன். இப்போதும் அரை மனதாக அப்படித்தான் நினைக்கிறேன்.

கார் ஓட்டிப் பழக எனக்கு எல்எல்ஆர் வந்து சில வாரம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்தில் ஏற்றிப் பார்க்கப் போகிறேன். பக்கத்தில் யார் உட்காருவது என்றதற்கு, "அப்பாவக் கூட்டிட்டுப் போ" என்று அம்மா சட்டென்று சொல்லிவிட்டாள். ஏற்றத்தில் வண்டியை எப்படி நிறுத்துவது என்று அவர் நேற்றிலிருந்தே எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்: ஹேண்ட் பிரேக் எல்லாம் பயந்தவர்களுக்காம். பாலத்தை ஏற்றிவிடுவேன், அதில் பயமில்லை. வாயைத் திறக்காமல் ஏற்ற முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.