ஏனோக்கின் பெண்சாதி

என் கல்யாணத்துக்கு ஆட்சேபணை சொன்னவர் என்னைப் பெற்ற தகப்பனார். அதையும் வீட்டுக்குள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிறையச் சனம் இருக்க, எழுந்து நின்று சொன்னார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். சிரிப்பு அதற்கப்புறம் வருகிறது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். ஓலை என்பது பேச்சுக்குத்தான், வாசிப்பதெல்லாம் காகிதம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அடுத்தடுத்துப் போதகர் வாசிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்போம், தேவாலயத்தைக் கோயில் என்போம். வாசித்து முடித்து அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற வரைக்கும் கோயில் அமைதியாக இருக்கும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் யாராவது திறந்ததாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷக் கோடை. விடியலுக்கு முன்னால் கிழக்கே வால்நட்சத்திரம் தெரிந்தது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணி வாய்க்கால் பாய்கிற எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மழை பொய்க்கும் என்றார்கள், கொள்ளைநோய் வரும் என்றார்கள். அப்பாவோ, ஆண்டவரே வரப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு பிரசங்கியார் வந்து புளியமரத்தடியில் பேசியிருந்தார். ஏனோக்கு சாவைக் காணாமல் எடுத்துக்கொள்ளப்பட்டார், எலியா அக்கினி ரதத்தில் உயிரோடே போனார், வருகையின் நாளில் உயிரோடிருக்கிற விசுவாசிகளும் அப்படியே போவார்கள் என்பது பேச்சு. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அப்பாவின் நெஞ்சில் அது முள்ளைப் போலத் தைத்துவிட்டது.

தைத்ததற்குக் காரணம் இருந்தது. என்னைப் பெற்ற காய்ச்சலில் அம்மா போனாள். அக்காள் கல்யாணமாகிப் போய், தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்து, அதே அறையில் போனாள். பிள்ளையும் தங்கவில்லை. அப்பாவுக்கு மிஞ்சியது நான் ஒருத்தி. இவளைக் கட்டிக் கொடுத்தால் பிள்ளை உண்டாகும், பிள்ளை உண்டானால் இவளும் போவாள், கொடுக்காமல் வைத்திருந்தால் அதற்குள் ஆண்டவர் வந்து இவள் ஒருத்தியாவது சாகாமல் போய்ச் சேருவாள் என்று நினைத்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். எங்களோடு இருந்து என்னை வளர்த்த அத்தைக்கும், அப்பாவின் உடன்பிறந்தவள் ஆயிற்றே, நன்றாகவே தெரியும்.

நானோ கல்யாணத்துக்குத் தயாராக இருந்தேன். பாளையங்கோட்டையில் போர்டிங்கில் இருந்து படித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருந்தேன். மாப்பிள்ளையும் வாத்தியார், சாத்தான்குளத்துக்காரர். உபாத்தியாயர் கூட்டத்தில் அவர் கணக்குப் பாடம் நடத்திக் காட்டியபோது பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பார்கள். இந்த வயதில் யார் வந்து வைக்கப் போகிறார்கள்?

அப்பா முதலில் சம்மதித்தவர்தான். வெற்றிலை பாக்கு மாற்றியவரும் அவரே. வால்நட்சத்திரம் வந்த பிறகு ஆள் மாறிவிட்டார். கார் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற காலம் நெருங்கியும் விதைநெல்லை வெளியே எடுக்கவில்லை. நாற்றங்கால் புல் முளைத்துக் கிடந்தது.

"அண்ணே, ஆண்டவரு வரலன்னா என்னத்தத் திங்கது?" என்றாள் அத்தை.

"வருவாரு."

"வரட்டும். வந்தா நெல்லை விட்டுட்டுப் போவோம். விதைக்கதுக்கு என்ன?"

அவர் வேதபுத்தகத்தை விரித்துக்கொண்டார். சரி, வயலோடு போகட்டும் என்று நான் இருந்தேன். என் கல்யாணத்தில் கை வைப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தபோது குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாம் ஞாயிறு மாப்பிள்ளையின் தகப்பனார் ஓலை கேட்க வண்டி கட்டி வந்திருந்தார். கருப்பட்டி வியாபாரி. நல்ல உயரம், அதற்கேற்ற குரல். ஐயர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அப்பா எழுந்தார்.

"ஆட்சேபணை உண்டு ஐயரே."

ஐயர் துடைக்கிற கையோடு நின்றுவிட்டார். "என்னவே சொல்லுதீரு? பொண்ணுக்குத் தகப்பன் நீருல்லா?"

"தகப்பன்தான் சொல்லுதேன்."

கோயிலில் எழுந்த இரைச்சலைச் சொல்லி முடியாது. பெண்கள் பக்கம் இருந்த அத்தனை தலையும் என்மேல் திரும்பியது. எனக்கு என்ன குறையோ, என்ன களங்கமோ, பெற்றவனே மறைக்க முடியாமல் சொல்கிறானே என்று அந்தக் கண்கள் கேட்டன. என் மானம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்து, "ஏலே, மாட்டைப் பூட்டு" என்று வண்டிக்காரனுக்குக் குரல் கொடுத்தார். அந்த வண்டி போனால் திரும்பாது. சாத்தான்குளத்தில் இருந்து மட்டுமல்ல, எந்த ஊரிலிருந்தும் இனி எனக்கு ஒரு வண்டி வராது.

ஐயர்தான் அவரைக் கையமர்த்தினார். "அண்ணாச்சி, பைய இரும். ஆராதனை முடியட்டும். இங்கனயே வச்சுப் பேசி முடிச்சிருவோம்."

ஆராதனை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அடுப்பில் சோறு கிடந்தால் என்ன, இப்படி ஒரு விசாரணை மறுபடி கிடைக்குமா? ஐயர் அப்பாவைக் கூப்பிட்டு, தடை என்ன என்று கேட்டார். உறவு முறையில் குற்றமா, பெண்ணை வேறு யாருக்காவது பேசியிருக்கிறதா? இல்லை, இல்லை என்று அப்பா தலையாட்டினார்.

"ஆண்டவரு வர்ற நேரம் ஐயரே. எலியாவைப் பாரும். பெண்டாட்டி உண்டா, பிள்ளை உண்டா? ஒத்தை ஆளு. அதனாலதான் சாகாம ரதம் ஏறினாரு. எம்மவளும் அப்படி நிக்கட்டும்."

ஐயர் படித்தவர். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பொறுமையாகச் சொன்னார். மனிதனாய்ப் பிறந்தவன் ஒருதரம் சாக வேண்டும் என்றும் அதே வேதத்தில் இருக்கிறது. அதனால் ஏனோக்கும் எலியாவும் கடைசிக் காலத்தில் இரண்டு சாட்சிகளாகத் திரும்பி வந்து, தெருவில் கொல்லப்பட்டு, அப்போது மரணத்தை ருசிபார்ப்பார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. இல்லை, அவர்கள் இருவருக்கும் தேவன் விதிவிலக்குக் கொடுத்தார், அவர்கள் சாகவே மாட்டார்கள் என்பவர்களும் உண்டு. விசுவாச வீரர்களைப் பற்றிச் சொல்கிற இடத்தில் இவர்களெல்லாரும் மரித்தார்கள் என்று வருகிறதே, அதில் ஏனோக்கும் சேர்த்திதானே என்று கேட்கிறவர்களும் உண்டு. இயேசுவின் சீஷனான யோவான் சாகமாட்டான் என்று அந்தக் காலத்துச் சகோதரர்களே ஊரெல்லாம் பேசி, பிறகு அது தப்பு என்று எழுத வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளையின் தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆக மொத்தம் செத்தாரா, சாகலயா?"

"சபை அதை முடிவாச் சொல்லல அண்ணாச்சி."

"நல்லாருக்கு. அது முடிவாகிற மட்டும் எம்மவன் மாலையக் கையில வச்சுக்கிட்டு நிக்கணுமாக்கும்!"

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அப்பா சிரிக்கவில்லை. தலை குனிந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்மேல் கோபம், அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் அதைவிடக் கோபம். எழுந்துவிட்டேன். அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஏட்டி, பொம்பள கோயில்ல பேசப்பிடாது, இரு" என்றாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"ஐயரே, நான் ஒண்ணு கேக்கலாமா? எனக்குத்தானே கல்யாணம்?"

ஐயர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கூடாது என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

"அப்பா, எலியாவைச் சொன்னிய. ஏனோக்கை ஏன் விட்டுட்டிய? அவருக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா?"

பதிலையும் நானே சொன்னேன்.

"ஆச்சு. ஆம்பளப் பிள்ளையும் பொம்பளப் பிள்ளையும் பெத்தாரு. பிள்ளை பொறந்த பிறகும் தேவனோட நடந்தாருன்னு எழுதியிருக்கு. பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கிட்டு, வீட்டுக்கு அரிசி பருப்புத் தேடிக்கிட்டுத்தான் நடந்திருப்பாரு. கல்யாணம் அவருக்குத் தடையா நிக்கல. எனக்கு மட்டும் எப்படித் தடையாகும்?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அப்பா தலையைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது. எனக்கு மட்டும் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ஏனோக்கு போயிட்டாருட்டி. அவரு பெண்சாதி என்ன ஆனா? அத்தனை பிள்ளையையும் பெத்தவ அவதானே? அவளைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதல. அவளைத் தூக்கிட்டுப் போக யாரு வந்தா?"

யாரும் சிரிக்கவில்லை. ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. அம்மாவையும் அக்காளையும் குழிக்குக் கொண்டுபோன தோள்கள்தான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தன. அந்த இடத்தில் அழுதிருந்தால் நான் தோற்றிருப்பேன். அப்பாவும் தோற்றிருப்பார். எங்கிருந்தோ எனக்குப் பேச்சு வந்தது. ஆண்டவர் கொடுத்தார் என்றே இன்றுவரை நம்புகிறேன்.

"அப்பா, ஆண்டவரு வரும்போது யாரு முதல்ல எழும்புவா? உசுரோட நிக்கவங்களா, மரிச்சவங்களா?"

அவருக்குத் தெரியும். அடக்க ஆராதனைகளில் எத்தனை முறை கேட்டது. நான் தொடர்ந்தேன்.

"மரிச்சவங்கதான் முதல்ல. உசுரோட இருக்கவங்க அவங்கள முந்திக்கிட முடியாது. அப்போ அம்மாதான் முன்னால போவா. அக்காளும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மாகூடப் போவா. ஏனோக்கு பெண்சாதியும் அங்கனதான் நிப்பா. நானும் நீங்களும் பின்னால போறவங்கப்பா. கல்யாணம் கட்டாம நின்னா நான் என்ன, அம்மாவ முந்திக்கிட்டா போயிருவேன்?"

ஐயர் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை கண்ணையும் துடைத்தார். "இதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நீரு சொல்லும்வே" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா ஐயரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், அத்தை இருந்த பக்கம் திரும்பினார்.

"விதைநெல்ல ஊறப் போடு. நாத்துப் பாவணும். கல்யாண வீட்டுக்கு நெல்லு வேணும்லா" என்றார்.

பெண்கள் பக்கமிருந்து யாரோ குலவையிட்டுவிட்டார்கள். கோயிலுக்குள் குலவை கூடாது என்பது சட்டம். அன்றைக்கு ஐயர் காதில் அது விழவே இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, "உம்ம மவ பேசினதைக் கேட்டதும் எனக்கு ஒரு பயம்தான் வே. எம்மவன் இனி வீட்டுல வாய் தொறக்க முடியாது" என்றார். மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

மூன்றாம் ஞாயிறு ஐயர் ஓலை வாசித்து முடித்ததும் கோயில் மொத்தமும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஒண்ணும் இல்ல ஐயரே, எல்லாரும் பாக்காவளேன்னு எந்திரிச்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிரிப்பு அடங்க அடுத்த பாட்டே பாட வேண்டியதாயிற்று.

கல்யாணம் நடந்தது. வால்நட்சத்திரம் போயிற்று. கார் நெல் அந்த வருஷம் நன்றாகவே விளைந்தது. மறு வருஷம் தலைப்பிரசவத்துக்கு வழக்கப்படி அப்பா வீட்டுக்கு வந்தேன். அம்மாவும் அக்காளும் போன அந்த அறைதான். அத்தை வேறு அறை ஒழித்துத் தருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அந்த அறைக்கும் எனக்கும் தீர்க்க வேண்டிய வழக்கு ஒன்று இருந்தது.

வலி எடுத்தது ஒரு காலை வேளை. அப்பா முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். செருப்புச் சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. வெயில் ஏறிய பிறகு பிள்ளை பிறந்து அழுதது. செருப்புச் சத்தம் நின்றது. மருத்துவச்சி கதவைத் திறந்து, "பேரன் பொறந்திருக்கான், நல்லா இருக்கான்" என்றாள்.

"பேரன் கிடக்கட்டும்" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. "எம்மவ எங்க?"

மருத்துவச்சி பதில் சொல்லுமுன் நான் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன். "இங்கனதான் இருக்கேன்ப்பா! எங்கயும் போகல!"

பிள்ளையின் அழுகையைவிட என் சத்தம்தான் தெருமுனை வரை கேட்டது என்று அத்தை கடைசிவரை சொல்லிச் சிரிப்பாள்.